மேகத்துக்குள்ளிருந்து வந்த பதில்

அன்புள்ள மகன் வேலுவுக்கு, அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சரிவில் கொட்டிய உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கி ஓடுகின்றன. மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது, அதனால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. குளிரில் விரல் மடங்காதபோது அடுப்பில் காட்டிச் சூடேற்றிவிட்டு வந்து உட்காருகிறேன். இதை ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். என்றைக்கு முடிப்பேனோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் நானேதான் எழுதுகிறேன், தம்பி. யாரையும் எழுதித்தரச் சொல்லவில்லை. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் அப்பன் கடிதம் எழுதுகிறான்!

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. டீச்சரம்மா பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறது. உன்னைவிடச் சின்னப் பிள்ளை. நாங்கள் கிழவர்கள் நாலைந்து பேர் உன் மாதிரி பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். முதலில் படித்தது பஸ் போர்டு. 'வில்பட்டி' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர், "பெருசு, ஏறலையா?" என்று கத்துகிறான். நான் ஏறவில்லை. "படிச்சுட்டேன்டா!" என்று கையை ஆட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அதற்குப்பிறகு உர மூட்டை, தீப்பெட்டி, சுவரில் ஒட்டிய கட்சி நோட்டீஸ் எதையும் விடுவதில்லை. இத்தனை வருஷமாக ஊமையாக நின்றவை எல்லாம் திடீரென்று வாயைத் திறந்து பேசுவது போல இருக்கிறது.

ஒரு நாள் தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தேன். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு. கழுத்தைச் சுற்றி ஏதோ வெட்டியிருக்கும், பூ வேலை என்றே நினைத்திருந்தேன். எழுத்துக்கூட்டினேன். சி, ன், ன. சின்னத்தாயி. அவள் பெயர். இத்தனை காலம் அந்தப் பெயரில் வாய் வைத்துத்தான் குடித்திருக்கிறேன், தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் போனிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. முன்பெல்லாம் செய்தி வந்தால் கடைக்குக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டுவேன். 'உங்க மகன் நல்லா இருக்காராம்' என்பார்கள், திரும்பி வருவேன். இந்தத் தடவை நானே படித்தேன். 'நல்லா இருக்கேன் மாமா. வேலை அதிகம். அப்புறம் பேசுறேன்.' மறுபடியும் படித்தேன். எனக்குத்தான் எழுத்துத் தெரியவில்லையோ என்று டீச்சரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க ஐயா, மாமான்னுதான் இருக்கு" என்றது.

நீ என்னை எப்போது மாமா என்று கூப்பிட்டாய்?

என்னை மாமா என்று கூப்பிடுகிறவள் என் மருமகள்தானே. சுகந்திக்குப் போன் போட்டேன். "அவரு மீட்டிங்ல இருக்காரு மாமா" என்று வழக்கம்போலத் தொடங்கினாள். "ஏம்மா, அவன் போன்ல எழுதுறது நீயா?" என்று கேட்டேன். அழுதுவிட்டாள். அவளை வையாதே. நீ ஆபீசுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதையும், போனைக் குப்புறப் போட்டுவிட்டதையும், இனி கம்ப்யூட்டர் பக்கமே போகப்போவதில்லை என்று சொன்னதையும் நான் கேட்டபிறகுதான் சொன்னாள். நீ பதில் சொல்லாத இடத்தில் உனக்காக அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவன் பயந்துவிடக் கூடாது என்று செய்தாள். நல்ல மனசுதான். ஆனால் வேறொருவர் கொடுத்த பதிலை வைத்துக்கொண்டு 'இருக்கிறான்' என்று நம்பி உட்கார்ந்திருப்பது எனக்கு இது இரண்டாவது தடவை, தம்பி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் வேலை என்னவென்று நீ எங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? கேரட் பிடுங்கிக் கழுவப்போட்ட நாள். நீ லீவில் வந்திருந்தாய். நாம் மூன்று பேரும் மூட்டை மேலே உட்கார்ந்து டீ குடித்தோம். அம்மாதான் கேட்டாள், "ஏலே, ஊருல கேக்குறாக, எம்மகன் என்ன சோலி பாக்குறான்னு நான் என்னத்தச் சொல்றது?" என்று. நீ மூட்டையைத் தட்டிக் காட்டினாய்.

"கேரட்டு வெளையிறது இங்க. கழுவுறது ஓடைக்கிட்ட. ஏத்துறது ரோட்டுல. விக்கிறது கீழ சந்தையில. கழுவுறவருக்கு நம்ம காட்டுல என்ன உரம் போட்டோம்னு தெரியணுமா?"

"அவருக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

"மூட்டை இம்புட்டு இருக்கணும், வாய் இப்பிடிக் கட்டியிருக்கணும். அத மட்டும் எல்லாரும் ஒத்துக்கிட்டாப் போதும். நாளைக்கே கழுவுறதுக்குப் புது மிஷின் வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போறதில்ல. நாங்களும் அப்பிடித்தான்மா. சாஃப்ட்வேரை ஒரே மொத்தமா ஒரு மிஷின்ல வைக்கிறதில்ல. பாகம் பாகமாப் பிரிச்சு ஊருக்கு ஊரு வேற வேற மிஷின்ல வைப்போம். ஒரு பாகத்துக்குள்ள என்ன இருக்குன்னு இன்னொண்ணுக்குத் தெரியாது. என்ன கேக்கலாம், என்ன பதில் வரும், அது மட்டும் ஒப்பந்தம்."

"மூட்ட கட்டுறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று அம்மா கேட்டதும் நீ டீயைத் துப்பிச் சிரித்தாய்.

அப்புறம் இன்னொன்று சொன்னாய். தூரத்து ஊரில் இருக்கும் பாகத்தோடு பேச வேண்டும் என்றால், கேட்கிறவன் பக்கத்திலேயே அதற்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்துவீர்களாம். அவனுக்கு நீ சொன்ன இங்கிலீஷ் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. நான் பதிலாள் என்று வைத்துக்கொண்டேன். கேட்கிறவன் தூரத்துக்காரனிடமே பேசுவதாக நினைத்துக்கொண்டு இவனிடம் பேசுவான். இவன் அதைக் கம்பி வழியாகக் கொண்டுபோய்க் கேட்டு, பதிலை வாங்கிவந்து சொல்லுவான். தூரத்து ஆள் இருக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "அப்பப்ப ஒரு குரல் குடுத்துப் பாப்போம்ப்பா. நம்ம காட்டுல மேகம் எறங்குனா கூவுற மாதிரிதான்" என்றாய். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "அப்ப நீ காலேசுல ஒண்ணும் படிக்கல. எங்கிட்டதான் படிச்சிருக்க" என்றாள். அந்த வாரம் முழுக்க ஓடைக்கரையில் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுகந்தி நடந்ததைச் சொன்னபோது அந்த மூட்டை மேல் உட்கார்ந்து நீ சொன்னது இருந்ததால்தான் எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது. ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பல ஊருக்கும் அனுப்புகிற ஏற்பாடு. பாகங்கள் பல ஊர் மிஷின்களில். பதிலாளை எழுதியது நீ. தூரத்துப் பாகம் சில நேரம் சுணங்கும், அதற்காகக் கேட்கிறவர்கள் பதறக் கூடாது என்று, கடைசியாக வந்த பதிலையே பதிலாள் திருப்பிச் சொல்லும்படி வைத்திருக்கிறாய். ஒரு நாள் அந்தப் பாகம் சுணங்கவில்லை, செத்தே கிடந்திருக்கிறது. பதிலாள் மட்டும் நின்றுகொண்டு 'வண்டி கிளம்பிவிட்டது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு வீட்டில் ஒரு பெரியவரைக் கிடத்தி வைத்துக்கொண்டு, வண்டி வருகிறது வருகிறது என்று வாசலைப் பார்த்திருக்கிறார்கள். அவர் மூச்சு நிற்கும்வரை வேறு வண்டி பிடிக்கவும் இல்லை. வருகிறது என்றுதானே சொன்னார்கள்.

இதை எழுதிவிட்டு வெளியே போய்விட்டு வந்தேன். நம் அவகாடோ மரத்தில் பிஞ்சு விட்டிருக்கிறது. சும்மா சொல்கிறேன்.

உனக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அம்மா போன அன்று மேகம் வெள்ளனே இறங்கிவிட்டது. நான் மேல்காட்டில் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கீழ்காட்டில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். கைநீட்டினால் கை தெரியாது. வழக்கம்போல "ஓஓய்" என்றேன். கீழேயிருந்து "ஓஓய்" வந்தது. களை எடுத்தேன். மறுபடி கூவினேன். மறுபடி பதில் வந்தது. மேகத்துக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? குரலும் நனைந்துபோய்த்தான் வரும், ஆணா பெண்ணா என்றே பிடிபடாது. பதில் வந்தால் போதும் என்பதுதானே நம் வழக்கம். கூவுகிறவன் பயந்துவிடக் கூடாது என்று யார் காதில் விழுந்தாலும் பதில் கொடுத்துவிடுவார்கள். மேகம் விலகியபிறகு கீழே இறங்கினேன். கூடையைக் கட்டிக்கொண்டு மயங்கிக் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பள்ளங்கி வளைவில் ஜீப்புக்குள்ளேயே போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நீ வந்தாய். நான் கூவியதையும் பதில் வந்ததையும் சொன்னேன். வாசலில் ஊரே நிற்க, "எவன் அந்தப் பதிலைக் குடுத்தது? எங்கம்மாவக் கொன்னது அவன்தான்!" என்று கத்தினாய். நீ ஊருக்குத் திரும்பிப் போகும்வரை கேட்டாய். தெரியாது என்றேன். தெரியும், தம்பி. பேச்சி அத்தைதான். ஓடைக்கு அந்தப்பக்கக் காட்டில் இருந்தவள், என் குரல் காதில் விழுந்ததும் வழக்கப்படி பதில் கொடுத்திருக்கிறாள். நீ கத்தியபோது உனக்குக் காப்பி கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு உன் பின்னால்தான் நின்றாள்.

உன்னைக் குத்திக்காட்டுவதற்கு இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அந்தக் காப்பி ஆறிப்போகும்வரை அவள் நின்ற நிலையை நான் பார்த்தேன். இப்போது நீ எப்படிப் படுத்திருப்பாய் என்று எனக்குத் தெரிவது அதனால்தான்.

மறுநாள் அவளே வந்து என்னிடம் சொன்னாள். நான் முகம் கொடுக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். அதற்குப்பிறகு அவள் காட்டில் வாயே திறக்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். தப்பான பதிலைக் கொடுத்துவிடுவோமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். மேகம் இறங்கினால் சரிவு முழுக்க ஒரு சத்தம் கிடையாது. அவரவர் மண்வெட்டிச் சத்தம்தான். இருக்கிற ஆளெல்லாம் இல்லாத மாதிரி. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் கூவாத காட்டில் சின்னத்தாயி இல்லாதது தனியாகத் தெரியாது.

அப்படி ஒரு நாள் மேகத்தில், கீழ்காட்டுக்கு இறங்குகிற படியில் கால் வைக்கப் போனேன். திடீரென்று ஓடைக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல்.

"அண்ணே! பேச்சி பேசுறேன்! பேச்சி பேசுறேன்! எறங்காதீக! ஒங்க படிக்குக் கீழ காட்டுமாடு நிக்கிது!"

நின்றுவிட்டேன். அவள் பக்கம் மேகம் கொஞ்சம் விலகியதில் மாடு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்டது. மேகம் கொஞ்சம் கிழிந்தபோது பார்த்தேன். ஒற்றை மாடு, என் பீன்ஸ் பந்தலைத் தின்றுகொண்டு, கொம்பு என் இடுப்பு உயரத்துக்கு. இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் அதன் மேலேயே போய் விழுந்திருப்பேன். நான் முகம் கொடுக்காத அந்தப் பொம்பளை, இனிக் காட்டில் குரல் எழுப்ப மாட்டேன் என்று இருந்தவள், வாயைத் திறந்தாள். அதுவும் முதலில் பெயரைச் சொல்லிவிட்டு. அவள் அன்றும் வாயை மூடிக்கொண்டிருந்தால், நான் செத்திருப்பேன். எழுதப் படிக்கத் தெரியாமலே செத்திருப்பேன்!

அன்றிலிருந்து நம் சரிவில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூவுகிறார்கள். வெறும் "ஓஓய்" கிடையாது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவள் அப்படிக் கூவினாள், மறுநாள் இன்னொருவன் கூவினான், அப்படியே ஆகிவிட்டது. இதைச் சொல்லி உன் வேலையை உனக்குக் கற்றுத்தரப் பார்க்கவில்லை. பதிலாளை எப்படித் திருத்துவது என்பதை நீ படுத்தபடியே ஆயிரம் தடவை யோசித்திருப்பாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தப்பான பதிலால் எனக்கு ஒரு உயிர் போயிற்று. அதே குரல் மறுபடி வராமல் போயிருந்தால் இன்னொரு உயிரும் போயிருக்கும். இந்தச் சரிவில் மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்தப் பயம் என்னவென்று தெரியும். அதனால்தான் அவள் பெயரைச் சொன்னாள். அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, வேலு? இன்னும் வீடுகளில் ஆட்கள் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? எங்கே ஓட்டை என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அந்தப் பெரியவர் வீட்டார் உன்னை மன்னிப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பேச்சியை மன்னித்தேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. அவள் வீட்டுக் குழம்பு வாங்கிச் சாப்பிடுகிறேன். என் பூண்டை அவள் வீட்டுப் பரணில் புகையில் காயக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் மேகம் இறங்கி அவள் குரல் வரும்போது மண்வெட்டி ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது. அப்புறம் நானும் பெயர் சொல்லிக் கூவுகிறேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நேற்று இதை எழுதும்போது அவள் வந்தாள். எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே இது, கோழி கிண்டுன காடு மாதிரி கெடக்கு" என்றாள். "ஒனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றேன். "தெரியாது. ஆனாக் கோழி கிண்டுனது தெரியும்" என்றாள். உன் விஷயத்தைச் சொன்னேன். உன்னிடம் அவளைப் பற்றி எழுதட்டுமா என்றும் கேட்டேன். அடுப்படியில் குந்தி வெகுநேரம் சாம்பலைக் குத்திக்கொண்டிருந்தாள். "எழுதுங்கண்ணே" என்றாள். "அத்த சொன்னான்னு எழுதுங்க. படுத்தாப் படுக்கத்தான் தோணும். நானுங் கெடந்தேன்ல. அன்னைக்கு மாடு வரலேன்னா இன்னுங் கெடந்திருப்பேன். வெரசா எந்திரிக்கச் சொல்லுங்க." எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அன்னைக்கி அவன் குடிக்காம விட்ட காப்பி பாக்கி நிக்கிது. வந்து குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். சிரித்தாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

தாள் முடியப்போகிறது. சுகந்தியை இனி உனக்காகப் பதில் சொல்ல வைக்காதே. அவளுக்கு அது பெரிய பாரம், பேச்சியைப் பார்த்ததால் சொல்கிறேன். வேலைக்குப் போ, போகாதே, அது அப்புறம். நீ ஒரு வரி எழுது, அது போதும். போனில் வேண்டாம், தாளில், உன் கையால். 'வேலு பேசுறேன்' என்று. உன் கையெழுத்தை நான் படித்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன் நோட்டையெல்லாம் தலைகீழாகப் பிடித்து, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று தலையாட்டியிருக்கிறேன். நீயும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். இனி நேராகப் பிடித்துப் படிப்பேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன்.

நீ எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை. நம் காட்டில் ஒரு தடவை கூவிப் பதில் வரவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. டீச்சரம்மா இன்னொரு கோடு போட்ட தாள்கட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் விரலைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி உட்காருவேன். தாளின் தலையில் முதல் வரி இனி இப்படித்தான் இருக்கும், எழுத்தும் இன்னும் கொஞ்சம் நேராக: அப்பா பேசுறேன், வேலு. மேல்காட்டுலதான் இருக்கேன்.